சம்பங்கிப் படத்தில் செத்துப்போன நஞ்சப்பன்

நஞ்சப்பன் செத்துப்போன சேதி, அவர் செத்துப் பல மாதம் கழித்துத்தான் அவருக்கே தெரிய வந்தது. அன்றைக்குக் காலையில் அவர் சந்தவையும் தேங்காய்ப்பாலும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, சம்பங்கிக் காட்டில் குத்தவைத்துச் சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை ஊதி எடுத்துக்கொண்டிருந்தார். அவரைச் சாகடித்தவர்கள் யாரோ முகம் தெரியாதவர்கள் என்றால்கூட மனசு ஆறும். அவர் கையால் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான் அவரைச் சாகடித்தார்கள்.

நான் பூ டெம்போ ஓட்டுகிறவன். பெயர் வெள்ளிங்கிரி. சத்தியமங்கலத்துக்கு மேற்கே பவானியை ஒட்டிய ஊர்களில் காலையில் சம்பங்கி மூட்டைகளை ஏற்றுவேன். முகூர்த்தக் காலத்தில் விலை ஏறி நின்றால் மூட்டைகள் பூ மார்க்கெட்டுக்குப் போகும். ஆடியிலும் மார்கழியிலும் விலை படுத்துவிட்டால் நேராகச் சென்ட் ஃபேக்டரிக்குப் போகும். அங்கே பூவை ஆளுயர இரும்புப் பானைகளில் கொட்டி, ஏதோ திரவத்தில் அலசி, வாசத்தைப் பிரித்து மெழுகாக்குவார்கள். என் டெம்போ நிறையக் கொண்டுபோகிற பூ, கடைசியில் ஒரு சின்ன டப்பாவுக்குள் அடங்கிவிடும். அந்த டப்பா கப்பலேறிப் பிரான்ஸுக்குப் போய், அங்கே இன்னும் வடிகட்டப்பட்டு, நாம் கையில் தொடமுடியாத விலைக்குப் பாட்டிலில் ஏறும். இதிலெல்லாம் எனக்கு வருத்தம் கிடையாது. வியாபாரம் அப்படித்தான். எனக்கு வயிறு எரிந்தது வேறொரு விஷயத்தில்.

துளசிமணி நஞ்சப்பனின் மனைவி. பிறந்த ஊர் புளியம்பட்டிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தபோது நஞ்சப்பன் சத்தி மார்க்கெட்டில் வாழைத்தார் சுமக்கிறவராக இருந்தார். ஒரு மழைக்காலத்தில் லாரியிலிருந்து சறுக்கி விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு தார் தூக்க முடியவில்லை. அவர்களுக்கு முக்கால் ஏக்கர் மேட்டுக்காடு இருந்தது. அதில் மரவள்ளி போட்டுப் போட்டு நஷ்டப்பட்டிருந்தார்கள். துளசிமணிதான் முடிவெடுத்தாள். வளர்த்த ஆடுகளையெல்லாம் விற்றுச் சம்பங்கிக் கிழங்கு வாங்கினாள். “ஆட்டைத் தின்னு பொழைக்கலாம், கெழங்கைத் தின்னா பொழைக்க முடியும்?” என்று கேட்ட மாமியாருக்கு, “பூத்தா அந்தப் பூவ நீங்க தலையில வெச்சுக்கவே வேண்டாமுங்” என்று பதில் சொன்னாளாம்.

பூத்தது. ஆனால் சம்பங்கிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதற்கு லீவு கிடையாது. நோம்பி, கல்யாணம், காய்ச்சல், கருமாதி எதுவானாலும் விடிகிறபோது காட்டில் நிற்க வேண்டும். துளசிமணி தன் தங்கை கல்யாணத்துக்கே, பூ எடுத்துவிட்டு, சேலைக் கரை ஈரத்தோடு முகூர்த்தம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாள். நெற்றியில் தலைலைட், காலில் ரப்பர் பூட்ஸு, சேலைக்கு மேலே நஞ்சப்பனின் பழைய முழுக்கைச் சட்டை. இதுதான் அவள் வேலைக்கோலம். பாம்பு நடமாடுகிற காட்டில் வேறெப்படிப் போவது?

வாயும் சும்மா இராது. ஒருமுறை பஸ்ஸில் பூப்பையை ஏற்றக் கூடாது, வாசத்தில் தலைவலி வருகிறது என்று கண்டக்டர் தகராறு செய்தார். “உங்க டிரைவரு பீடி வாசத்துக்குப் பேசாம இருந்த தலை, என்ற பூவுக்கு மட்டும் வலிக்குதுங்ளா?” என்றாள். பஸ்ஸே சிரித்தது. பை ஏறியது.

இப்படிப்பட்டவளைத்தான் படம் பிடிக்கத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஃபேக்டரி மேனேஜர் திருமூர்த்தி ஒருநாள் காலையில் இரண்டு கார் நிறைய ஆட்களைக் கூட்டி வந்தார். பெங்களூரிலிருந்து கேமராக்காரர்கள், அவர்களை நடத்துகிற ரித்விக் என்ற பையன். பிரான்ஸில் நம் மெழுகை வாங்குகிற கம்பெனி புதுசாக ஒரு சென்ட் விடுகிறதாம். பூ எடுக்கிற பெண்களைப் பற்றிச் சின்னப் படம் வேண்டுமாம். ரித்விக் வரிசையாக எல்லோரையும் பார்த்துவிட்டு, “இவங்க முகம் நல்லா இருக்கு” என்று துளசிமணியைக் காட்டினான்.

அவளுக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது. அதை மறைக்க, “ஏன், மத்தவிய மொகமெல்லாம் என்னங் கொறைச்சல்?” என்றாள்.

சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். தலைலைட் வேண்டாம் என்றார்கள். அவர்களே ஒரு சந்தனநிறப் பருத்திச் சேலை கொண்டுவந்திருந்தார்கள். பூவோடு சேர்ந்து அழகாக இருக்குமாம். பொட்டு வெயிலில் மின்னுகிறது என்று துடைக்கச் சொன்னான் ரித்விக். தாலிக்கொடியும் மின்னுகிறது, ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளுங்கள் என்றான். கேமரா சங்கதி நமக்கென்ன தெரியும் என்று அவளும் செய்தாள்.

வரப்பில் உட்கார்ந்து தூரத்தில் பார்க்கச் சொன்னபோது, எதிரே நஞ்சப்பன் நின்றுகொண்டு கண்ணை உருட்டி வேடிக்கை காட்டினார். அவள் குலுங்கிச் சிரித்துவிட்டாள்.

“சார் கொஞ்சம் தள்ளிப் போனா நல்லது” என்றான் ரித்விக்.

“போங் மாமா, அக்கட்ட போய் அவியளுக்கு எளநி வெட்டுங்” என்று துரத்தினாள்.

அவரும் போய் எல்லோருக்கும் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார். வழுக்கையைச் சுரண்டியும் கொடுத்தார். அந்த நேரத்தில் இங்கே ரித்விக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். ரொம்பக் கஷ்டப்பட்டது எப்போது என்றான். ஆடு விற்ற கதையைச் சொன்னாள். அது போதவில்லை போலிருக்கிறது. உங்களுக்கு நெருக்கமானவர் யாராவது இறந்திருக்கிறார்களா என்று கேட்டான். அவள் அப்பா செத்த கதையைச் சொன்னாள். புளியம்பட்டிச் சந்தையில் மயங்கி விழுந்தவர், இவள் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டார். சொல்லும்போது கண் கலங்கி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். கேமராக்காரன் கிட்டே வந்து அதை எடுத்தான்.

போகும்போது அந்தச் சென்ட்டை ஒரு காகிதத்தில் அடித்து முகரக் கொடுத்தார்கள். “சம்பங்கி இதுல எங்கியோ ஒரு மூலையில உக்காந்துட்டு இருக்குதுங்” என்றாள். எல்லோரும் சிரித்தோம். சிரித்தபடியேதான் வழியனுப்பி வைத்தோம்.

அதற்குப் பிறகு அதை நாங்கள் மறந்தே போனோம். துபாய் விமான நிலையத்துக் கடையில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பையன் பூபதி ஒருநாள் காலையில் துளசிமணியின் மகள் தாரணிக்கு வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். சென்ட் அடுக்குக்கு மேலே பெரிய திரையில் ஓடுகிறதாம். ‘தாரணி, உங்கம்மா இங்க நாள் பூரா ஓடிட்டே இருக்கறாங்க’ என்று எழுதியிருந்தான்.

நான் அப்போது மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். துளசிமணியோடு எப்போதும் பூ எடுக்கிற மயிலாத்தாளும் இருந்தாள். எல்லோரும் போனைச் சுற்றி நின்றோம். புல்லாங்குழல் இசையில் எங்கள் சம்பங்கிக் காடு அப்படியொரு அழகு. சந்தனநிறச் சேலையில் துளசிமணி வரப்பில் உட்கார்ந்து எங்கேயோ பார்க்கிறாள். ஒரு பெண் குரல் இங்கிலீஷில் பேசுகிறது.

“என்ன சொல்றா? சொல்லு கண்ணு” என்றாள் துளசிமணி.

தாரணி போனை அணைக்கப் பார்த்தாள். கோபியில் காலேஜ் படிக்கிற பெண், அதில் பாதியாவது புரியும்.

“ஏன் முழுங்கற?”

“அம்மா... உன்ற பேரு துளசின்னு சொல்றாங்க. இருவத்தொம்பது வயசுல புருசன் செத்துட்டாராம்.”

“ஆரு புருசன்?”

“உன்ற புருசன்தான்.”

குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நஞ்சப்பன் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். “என்ன கூட்டம்? என்ன சேதி?”

“நீங்க செத்துட்டீங்களாமுங்” என்றாள் மயிலாத்தாள்.

“எப்பொ?” என்றார்.

எங்களுக்கு அடக்க முடியாத சிரிப்பு. துளசிமணி மட்டும் சிரிக்கவில்லை. “முழுசாச் சொல்லு” என்று மகளைப் பிடித்துக்கொண்டாள்.

தாரணி முழுசாகச் சொன்னாள். புருஷனைப் பறிகொடுத்துச் சோற்றுக்கில்லாமல் நின்றாளாம் துளசி. அப்போது இந்தக் கம்பெனிதான் கிழங்கு கொடுத்து, பயிர் செய்யக் கற்றும் கொடுத்ததாம். ‘இந்தப் பூ இல்லாவிட்டால் நானும் அவரோடு போயிருப்பேன்’ என்று துளசி சொல்கிறாளாம். அந்த இடத்தில்தான் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். கடைசியில், ஒவ்வொரு பாட்டில் விற்கும்போதும் ஒரு பங்கு, பூ எடுக்கிற விதவைப் பெண்களுக்குப் போகிறது என்று முடிகிறது படம்.

“அது எங்கப்பன நெனச்சு அழுத அழுவைடா!” துளசிமணி போட்ட சத்தத்தில் பக்கத்துக் காட்டுக் கொக்கெல்லாம் எழும்பிவிட்டது. “எங்கப்பன் சாவை எடுத்து என்ற புருசன் தலையில போட்டிருக்கறானுக! ஆடு வித்தது நானு. கெழங்கு வாங்குனது நானு. இவன் எப்பொடா எனக்குக் கெழங்கு குடுத்தான்?”

படம் ஊருக்குள் பரவ அரைநாள்கூட ஆகவில்லை. புளியம்பட்டியிலிருந்து அவள் அம்மா போன் போட்டு அழுதாள். மாப்பிள்ளை குரலைக் கேட்ட பிறகுதான் அழுகையை நிறுத்தினாள். டீக்கடையில் நஞ்சப்பனுக்குப் பெரிய வரவேற்பு.

“வாங்கோ வாங்கோ. செத்தவியளுக்குச் சக்கரை போடலாமுங்ளா?”

“போடு போடு. இனி சுகர் வந்தா எனக்கென்ன?” என்று அவரும் சிரித்தார்.

இரண்டு மூன்று நாள் இப்படி ஓடியது. பிறகு அவர் டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் மூட்டை ஏற்றும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “வெளாட்டாத்தான் எடுத்துக்கிட்டேன் வெள்ளிங்கிரி. ஆனா யோசிச்சுப் பாத்தா வேகுது. இந்தத் தோளை வெச்சுக்கிட்டு நான் கல்லு பொறுக்குன காடு இது. வரப்புப் போட்டது நானு, தண்ணி கட்டுனது நானு. இதுல நான் இல்லவே இல்லையாமா.”

அவர் அப்படிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

துளசிமணியோ நிறுத்தவே இல்லை. பூ எடுக்கும்போதும் புலம்பல்தான். “தாலி கழுத்துல இருக்கறப்பவே என்னைத் தாலியறுத்தவளாக்கிட்டாங்களே. நாளைக்குத் தாரணிக்கு ஒரு நல்லது நடக்கறப்ப நான் எப்படி முன்னால நிப்பேன்? நாலு பேரு மொகத்துல எப்படி முழிப்பேன்?”

மயிலாத்தாள் கூடையைக் கீழே வைத்தாள். அவள் புருஷன் போய் வருஷக்கணக்காகிறது. மின்சாரம் தாக்கிச் செத்தவர்.

“ஏன் துளசி, தாலியறுத்தவ நாலு பேரு மொகத்துல முழிக்கப்படாதா? நான் இத்தன வருசமா முழிச்சிட்டுத்தான இருக்கறேன். உன்ற மொகத்துலயே தெனம் முழிக்கறேன். உனக்கு அன்னிக்கெல்லாம் பூ கம்மியாப் பூத்துச்சா?”

சொல்லிவிட்டுப் பாதி வரிசையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். துளசிமணி எடுத்த பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மயிலாத்தாள் வேலைக்கு வரவில்லை. துளசிமணி அரிசிம்பருப்புச் சோறாக்கித் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன நடந்தது என்று பிற்பாடு இரண்டு பேருமே சொன்னார்கள், இரண்டும் ஒத்துப்போனதால் நம்புகிறேன்.

“நான் பேசுனது தப்புக்கா.”

“தப்புத்தான். போசிய வெச்சுட்டு உக்காரு. தாலியறுத்தவன்னு சொல்லிட்டானுகன்னு ஒப்பாரி வெக்காத. எவன் இந்தப் பொய்ய எழுதுனான்னு போய்க் கேளு. கேக்கறதுன்னா நானும் வர்றேன். எனக்கும் அவியகிட்டக் கேக்கறதுக்கு ஒண்ணு இருக்குது.”

“என்னக்கா?”

“பாட்டிலுக்குப் பாட்டிலு புருசனில்லாதவளுகளுக்குக் குடுக்கறானாமே. நீ பொய்க்கு. நான் நெசமாலுமே இல்லாதவ. அந்த ஃபேக்டரிக்குன்னு எத்தனை கூடை எடுத்திருப்பேன்! எனக்கு எங்கடி?”

இரண்டு பேரும் என் டெம்போவிலேயே ஏறி ஃபேக்டரிக்கு வந்தார்கள். உள்ளே தரையெல்லாம் பூவைப் பரப்பியிருந்தார்கள். குவித்து வைத்தால் சூடேறி வாசம் கெட்டுவிடும். திருமூர்த்தி அதன் நடுவே செருப்பில்லாமல் நடந்து வந்தார்.

“வாங்க்கா, வாங்க. டீ சொல்லட்டுங்ளா?”

“டீ கெடக்கட்டும்ங். என்ற புருசன எப்ப அடக்கம் பண்ணுனீங்க, அதச் சொல்லுங்.”

அவர் சிரித்தார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு. “அக்கா, அது விளம்பரம். சினிமாவுல ஒருத்தன் செத்தா நெசமாச் சாவறானா?”

“அவன் நடிக்கறவன்ங். செத்தாச் சம்பளம் வாங்கறான். என்ற புருசன் நடிக்கறேன்னு சொன்னாருங்ளா?”

“துளசின்னு மட்டுந்தானே பேரு போட்டிருக்கு. ஊர்ல எத்தனை துளசி!”

“மொகரையும் அத்தனை பேருக்கு இதே மொகரைங்ளா?”

“அங்க யாருக்குங்க்கா உங்களத் தெரியப்போவுது?”

“எனக்கு என்னையத் தெரியுமில்லீங்!”

அப்போது திருமூர்த்தி நிஜத்தைச் சொல்லிவிட்டார். ரகசியம்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது: “அக்கா, அவிய நாட்டுல அழுகாச்சிக் கதை இருந்தாத்தான் பாட்டிலு போகும். புருசனும் பொண்டாட்டியும் சேந்து நல்லாப் பொழைக்கறாங்கன்னு காட்டுனா எவன் வாங்குவான்? இந்தப் படத்துக்கப்புறம் ஆர்டரு ஏறியிருக்குது. நம்ம பூவுக்கு நல்லதுதானே?”

பாருங்கள். பனியில் நின்று பறித்த பூ போதவில்லை. அதோடு ஒரு சாவும் வேண்டியிருக்கிறது. நிஜச் சாவு கிடைக்காவிட்டால், உயிரோடிருக்கிறவனைப் பிடித்துச் சாகடித்துக்கொள்கிறார்கள். பூவின் வாசம் அவர்களுக்குப் பத்தவில்லை.

திருமூர்த்தி துளசிமணிக்கு ஒரு சென்ட் பாட்டிலைப் பெட்டியோடு நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மயிலாத்தாள் தன் கேள்வியைக் கேட்டாள். “கேட்டுச் சொல்றேனுங்க்கா” என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து ஃபேக்டரி வாசலில் துளசிமணியின் மூட்டையை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். பூவில் ஈரமாம். பனிக்காலத்தில் யார் பூவில் ஈரமில்லை? மார்க்கெட்டிலும் அப்போது விலை இல்லை. திரும்பி வந்த மூட்டைகளை நானே அவர்கள் வாசலில் இறக்கினேன். வீடு முழுக்க வாசம். அந்த வாசத்தைக் கல்யாண வீட்டு வாசம் என்பார்கள். அன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது.

“விட்டுரு அம்மிணி. பெரிய எடம். நம்பளால முடியாது” என்றார் நஞ்சப்பன்.

“நீங்க செத்தவரு, பேசாதீங்” என்றாள்.

அவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள். எத்தனையோ நாள் கழித்து அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

மயிலாத்தாள் வீடு வீடாகப் போனாள். துளசியின் பூவை வாங்காத ஃபேக்டரிக்கு நம் கையும் பூ எடுக்காது என்று பறிக்கிற பெண்களிடம் சொன்னாள். சிலர் தயங்கினார்கள். சின்னக் காடு வைத்திருக்கிற இரண்டு பேர், “எங்க பொழப்பு என்னாவறது?” என்று சண்டைக்கே வந்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசை கட்டின. மார்க்கெட்டில் விலை ஏறிக்கொண்டே போனது. எல்லாப் பூவும் அங்கே போனது, ஃபேக்டரிப் பானைகள் காய்ந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் பிரான்ஸிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. புதுப் பானைகளைத் திறந்து வைக்கும் விழா. பூ இல்லாமல் எதைக் காட்டுவது? திருமூர்த்தியே துளசிமணி வீட்டுக்கு வந்தார். ஈரம் பற்றிப் பேச்சே இல்லை. மூட்டையை எடுத்துக்கொள்கிறோம், விழாவில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம் என்றார். “அந்தச் சந்தனக்கலர் சேலையக் கட்டிட்டு வந்துருங்க்கா.”

“வந்தர்றேனுங்” என்றாள். அவ்வளவு சாதுவாகச் சொன்னாள், எனக்கே சந்தேகமாக இருந்தது.

விழாவன்று அவள் வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டு. நெற்றியில் பெரிய பொட்டு. தாலிக்கொடி பட்டுக்கு மேலே. தலையில் தன் காட்டுச் சம்பங்கிச் சரம். பக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டையில் நஞ்சப்பன். அந்தப் பக்கம் மயிலாத்தாள், அவளும் தலைநிறையச் சம்பங்கி வைத்திருந்தாள். துளசிமணிதான் வைத்துவிட்டாளாம். “வேண்டாம்டி, ஊரு பேசும்” என்றதற்கு, “ஊரு இப்பவே பேசிட்டுத்தான் இருக்குது, தலையத் திருப்புக்கா” என்றாளாம்.

வாசலில் திருமூர்த்தி வழியை மறித்தார். “ஜோடியா எதுக்குங்க்கா? உங்களத்தான கூப்புட்டோம்.”

“புருசன வீட்ல வெச்சுட்டு வந்தா, மறுபடியும் செத்துப்போயிட்டாருன்னு சொல்லிருவீங்க” என்றாள்.

மேடையில் பிரான்ஸ் கம்பெனிக்காரம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, சாந்தமான முகம். பக்கத்தில் ரித்விக். திரையில் படம் ஓடியது. எங்கள் ஊர்க் கூட்டம் குசுகுசுவென்று சிரித்தது. அந்தம்மா அதைத் திரும்பிப் பார்த்துக் குழம்பினார். படம் முடிந்ததும் துளசிமணியை மேடைக்கு அழைத்தார்கள். அந்தம்மா எழுந்து கண் கலங்க அவளைக் கட்டிக்கொண்டார். துளசிமணி அந்த அணைப்பிலிருந்து மெல்ல விலகி மைக்கைப் பிடித்தாள்.

“வணக்கமுங். கீழ மொத வரிசையில உக்காந்திருக்கறாரே, அவருதான் நஞ்சப்பன். என்ற புருசன். இந்தப் படத்துல செத்தவரு. எந்திரிங் மாமா.”

நஞ்சப்பன் எழுந்து கும்பிட்டார். “நாந்தானுங் அந்தச் செத்தவன். அன்னிக்கு உங்காளுகளுக்கு எளநி வெட்டிக் குடுத்ததும் நாந்தான்.”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அந்தம்மா ரித்விக்கைப் பார்த்தார். அவன் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னான். அந்தம்மா முகம் மலர்ந்து கை தட்டினார்! என்ன சொல்லியிருப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வாழ்த்துச் சொல்கிறார்கள் என்றிருப்பான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. வாய் திறந்து பேசினாலும் அந்தப் பேச்சைக்கூட வழியிலேயே மாற்றிவிடுகிறார்களே. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து தாரணி எழுந்தாள். காலேஜ் மேடையில்கூடப் பேசாத பெண். தட்டுத் தடுமாறி, இங்கிலீஷில் சொன்னாள்: இவர் என் அப்பா. என் அம்மா விதவை இல்லை. அந்த ஆள் தப்பாகச் சொல்கிறார்.

கை தட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

துளசிமணி தொடர்ந்தாள். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தினாள், மகள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். “படத்துல நான் அழுதது எங்கப்பனுக்கு. இந்தக் கெழங்கு நான் ஆடு வித்து வாங்குனது. தண்ணி கட்டுனது இவரு. உங்க கம்பெனி என்ன பண்ணுச்சு? எங்க பூவ வாங்குச்சு. அதையே சொல்லுங்க, அதுவே பெருமைதான். எங்க பூவ வாங்கறோம்னு நெசத்தச் சொன்னா உங்க சென்ட்டு நாறிருமுங்ளா?”

சிரிப்பு வரவில்லை யாருக்கும்.

அந்தம்மா மேடையிலிருந்து இறங்கி நஞ்சப்பன் முன்னால் வந்து, நம் மாதிரியே கை கூப்பினார். படத்தை எடுத்தது வேறொரு நிறுவனம், எனக்கு இப்படித்தான் சொல்லப்பட்டது, வெட்கப்படுகிறேன் என்றார். நஞ்சப்பனுக்குச் சங்கடமாகிவிட்டது. “பரவால்லீங், பரவால்லீங்” என்றார்.

“என்ன பரவால்ல?” என்று மேடையிலிருந்து துளசிமணி அதட்டினாள்.

மயிலாத்தாள் எழுந்தாள். “எனக்கு ஒண்ணு கேக்கோணும். நான் நெசமாலுமே புருசனில்லாதவ. எங்கூர்ல என்னாட்ட இன்னும் நாலஞ்சு பேரு இருக்கறாங்க. எங்களுக்குன்னு வசூல் பண்ணது எங்கீங் போச்சு?” தாரணி அதையும் இங்கிலீஷில் சொன்னாள். அந்தம்மா ரித்விக்கைப் பார்த்தார். ரித்விக் திருமூர்த்தியைப் பார்த்தான். திருமூர்த்தி தரையைப் பார்த்தார். கேட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்தது.

அப்புறம் என்ன நடந்தது? படத்தை ஓட்டுவதை நிறுத்திவிட்டார்கள். துபாய்க் கடையில் இப்போது வெறும் பாட்டில் மட்டும் திரையில் சுழல்கிறது என்று பூபதி சொன்னான். துளசிமணியின் மூட்டையை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. நஞ்சப்பன் டீக்கடைக்கு வருகிறார், ஆனால் யாராவது பழைய வேடிக்கையை எடுத்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதனால் இப்போது யாரும் எடுப்பதில்லை. தாரணி மூன்றாம் வருஷம் படிக்கிறாள்.

அந்தப் பொய்யை எழுதினவன் யார் என்று மட்டும் இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. பெங்களூர்க்காரர்கள் பாரிஸைக் கை காட்டினார்கள். பாரிஸ் பெங்களூரைக் கை காட்டியது. எங்கேயோ குளுகுளு அறையில் உட்கார்ந்து, ‘இவளுக்குப் புருஷன் இல்லாமலிருந்தால் நன்றாயிருக்கும்’ என்று ஒருவன் நினைத்திருக்கிறான். அவன் சாப்பிட்டுத் தூங்கிச் சௌக்கியமாகத்தான் இருப்பான்.

மயிலாத்தாள் இப்போதெல்லாம் வாரத்தில் ஒருநாளாவது என் டெம்போவில் ஏறி ஃபேக்டரிக்கு வருகிறாள். மூட்டை இறக்கி முடிக்கும்வரை வாசலிலேயே நிற்பாள். திருமூர்த்தி தலை தெரிந்ததும், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “மேனேஜருங், கேட்டுச் சொல்றேன்னீங்களே, கேட்டாச்சுங்ளா?” என்பாள்.

திருமூர்த்தி இப்போது பின்வாசல் வழியாக வந்துபோகிறார். மயிலாத்தாள் போன வாரம் என்னைப் பின்வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.